எங்கே நிற்கிறது, எது நிறுத்துகிறது: மூட்டு வகைகளைச் சொந்த உடலில் கற்கும் முறை

மனித உடலின் மூட்டுகளைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு பெயர்ப் பட்டியல்தான். தோள் பந்துக்கிண்ண மூட்டு, முழங்கை கீல் மூட்டு, கட்டைவிரலின் அடி சேண மூட்டு என்று அது நீளும். தேர்வு எழுத அது போதும். ஆனால் முழங்கையும் முழங்காலும் ஒரே கீல் வகை என்று படித்தவரிடம், நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதத்தை உள்ளும் புறமும் திருப்ப முடிகிறதே, அந்தத் திருப்பம் எந்த மூட்டில் நிகழ்கிறது என்று கேட்டால் பட்டியல் கைகொடுப்பதில்லை. ஒரு மூட்டை அறிந்துகொண்டோம் என்று சொல்ல இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அது எந்தெந்த அச்சைச் சுற்றி அசைகிறது என்பது ஒன்று. அந்த அசைவு எங்கே நிற்கிறது, அதை நிறுத்துவது எது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பாடநூல்களில் விரிவான விடை உண்டு. இரண்டாவதை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. எனக்கோ அதுவே பயன்மிகுந்த கேள்வியாகப் படுகிறது. சுளுக்கு, மூட்டு நழுவல், விறைப்பு ஆகிய எல்லாமே அந்த எல்லைக்கோட்டில் நிகழ்பவை.

இந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் உடலின் ஒவ்வொரு மூட்டிடமும் கேட்டு விடை பெறும் வழியை இங்கே விளக்குகிறேன். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று, தோலில் குறியிட ஒரு பேனா, கணக்குப் பெட்டியில் இருக்கும் கோணமானி, ஓரிரு இடங்களில் உதவ இன்னொருவர் ஆகியவை போதும்.

தொடங்கும் முன்

அண்மையில் எலும்பு முறிவோ மூட்டு அறுவை சிகிச்சையோ கண்டவர்கள், ஏற்கெனவே தோள் நழுவிய அனுபவம் உள்ளவர்கள், வீங்கிச் சூடாகச் சிவந்திருக்கும் மூட்டு உடையவர்கள் அந்தந்த மூட்டை இந்தப் பயிற்சியிலிருந்து விலக்கிவிட வேண்டும். காய்ச்சலோடு ஒரு மூட்டு வீங்கிச் சிவந்தால் அது கற்பதற்கான நேரம் அன்று. உடனே மருத்துவரைப் பார்ப்பதற்கான நேரம். மற்றவர்களும் வலி தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கழுத்தைப் பொறுத்தவரை தானாகச் செல்லும் அளவுக்கு மேல் கையால் தள்ளவே கூடாது.

எந்த மூட்டை ஆராய்ந்தாலும் மூன்று செயல்களை வரிசையாகச் செய்யுங்கள். முதலில், அந்த மூட்டில் சேரும் இரண்டு எலும்புகளில் ஒன்றை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் பக்கத்து மூட்டு புகுந்து கணக்கைக் குழப்பிவிடும். அடுத்து, மற்ற எலும்பை உங்கள் தசைகளின் பலத்தாலேயே முடிந்த மட்டும் அசைத்துப் பாருங்கள். கடைசியாக, மறு கையால் மெல்ல அழுத்தி, இன்னும் சற்றுச் செல்கிறதா என்று பாருங்கள். நலமான மூட்டு ஒவ்வொன்றும் தசையால் போகும் தொலைவைவிடச் சற்றுக் கூடுதலாகப் புற உதவியால் போகும். அந்தக் கடைசிச் சிறு தொலைவில் உங்கள் கைக்குத் தெரிவதுதான் நாம் தேடும் விடை.

அசைவுகளுக்கான சொற்களையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகள் முன்னே பார்க்கும்படி வைத்திருப்பதே தொடக்க நிலை. இதிலிருந்து கோணத்தைக் குறைப்பது மடக்குதல், கூட்டுவது நீட்டுதல்; உடலின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் எடுத்துச் செல்வது விலக்குதல், திரும்பக் கொண்டுவருவது சேர்த்தல்; எலும்பு தன் நீள அச்சைச் சுற்றித் திரும்புவது சுழலுதல்.

முழங்கையில் முதல் பாடம்

முழங்கையிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனெனில் அசைவு நிற்கும் விதங்கள் இரண்டை அந்த ஒரே மூட்டில் உணரலாம். கையை முழுவதும் நீட்டுங்கள். அசைவு திடீரென்று, கடினமாக நிற்கும். அல்னா எனப்படும் முன்கை எலும்பின் பின்முனை மேற்கை எலும்பின் பின்னுள்ள குழியில் போய்ப் பொருந்திவிடுவதால், எலும்பே எலும்பைத் தடுக்கிறது. இப்போது கையை முழுவதும் மடக்கி மறு கையால் அழுத்துங்கள். முன்கைத் தசையும் மேற்கைத் தசையும் ஒன்றோடொன்று மோதி நசுங்கி, மென்மையாக நிற்கும். சதைப்பிடிப்புள்ளவரின் முழங்கை சில பாகை குறைவாக மடங்குவதற்கு அவருடைய மூட்டில் எந்தக் குறையும் காரணமன்று. மூன்றாவது விதத்தை மணிக்கட்டில் பார்க்கலாம். முழங்கையைச் சற்று மடக்கிய நிலையில், உள்ளங்கையை மறு கையால் பின்னோக்கி வளையுங்கள். இழுத்துப் பிடித்த தோல் வாரைப் போல உறுதியாகவும் சற்றே துள்ளலோடும் அது நிற்கும். அங்கே தடுப்பவை எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட் என்ற தசைநார்களும், மூட்டைச் சுற்றியுள்ள மூட்டுறையும் ஆகும். எலும்பு, சதை, நார் என்ற இந்த மூன்று முடிவுகளையும் விரல்கள் அடையாளம் கண்டுகொண்டால் மற்ற மூட்டுகள் எல்லாம் எளிதாகிவிடும். நலமான முழங்கை 0 பாகையிலிருந்து ஏறத்தாழ 140 முதல் 150 பாகை வரை மடங்கும். சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், நீட்டும்போது நேர்கோட்டைத் தாண்டிச் சில பாகை பின்னோக்கிப் போவதும் இயல்பே.

முழங்கையை விடுவதற்கு முன் இன்னொன்றையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். பின்புறத்தில் துருத்தும் முனையின் மேல் ஆள்காட்டி விரலையும், முழங்கையின் இருபுறத்து மேடுகளில் கட்டைவிரலையும் நடுவிரலையும் வையுங்கள். கை நீட்டியிருக்கும்போது மூன்று விரல்நுனிகளும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் இருக்கும். மெல்ல மடக்கிக்கொண்டே வந்தால் நடுமுனை கீழே இறங்கி, செங்கோணத்தில் மூன்றும் ஒரு முக்கோணமாகிவிடும். அல்னாவுக்கும் மேற்கை எலும்புக்கும் இடையே நடப்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. விழுந்து அடிபட்ட முழங்கையில் இந்த முக்கோணம் குலைந்திருந்தால் மூட்டு நழுவியிருக்கலாம் என்றும், குலையாமல் இருந்தால் மூட்டுக்கு மேலே எலும்பு முறிந்திருக்கலாம் என்றும் மருத்துவர்கள் கருதுவதற்கும் இதுவே அடிப்படை.

அதே முழங்கைக்குள் வேறு வகை மூட்டு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, வெளிப்புற மேட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். விரலுக்கடியில் ஒரு சிறிய வட்ட எலும்பு உருள்வது தெரியும். அது முன்கையின் மற்றோர் எலும்பான ஆர எலும்பின் தலை. ஒரு வளையத் தசைநாருக்குள் அது தன் அச்சிலேயே சுழல்வதால் அந்த இணைப்பு முளை மூட்டு என்று வகைப்படுத்தப்படுகிறது. ஆர எலும்பின் கீழ்முனையோ அல்னாவைச் சுற்றி வந்து அதன் குறுக்கே படுத்துக்கொள்கிறது. உள்ளங்கை கீழே பார்க்கும்போது முன்கை எலும்புகள் இரண்டும் குறுக்கு மறுக்காகக் கிடக்கின்றன என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி.

அசையாதவையும் சற்றே அசைபவையும்

கைக்குத் தெரியும் அசைவு இல்லாத மூட்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். மண்டையோட்டின் எலும்புகள் நார்த்திசுவால் தைக்கப்பட்டது போன்ற கோடுகளில் இணைந்திருக்கின்றன. குழந்தையின் தலையில் உச்சிக்குழி இருப்பதற்குக் காரணம் அந்த எலும்புகள் இன்னும் நெருங்கிச் சேராமையே. முன்புறத்துக் குழி பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் மூடிக்கொள்ளும். பல்லும் தாடையெலும்பும் சேரும் இடமும் இந்த நாரிணைப்பு வகையைச் சேர்ந்ததே. நாவடி எலும்பு மட்டும் இந்தக் கணக்கிலேயே வராது. வளர்ந்தவர் உடலில் உள்ள 206 எலும்புகளில், வேறெந்த எலும்போடும் நேரடி மூட்டு இல்லாமல் தசைகளாலும் நார்களாலும் தொங்கிக்கொண்டிருக்கும் எலும்பு அது ஒன்றுதான்.

குருத்தெலும்பால் இணையும் மூட்டுகளில் இரு வகை உண்டு. வளரும் பிள்ளைகளின் நீள எலும்புகளின் முனையருகே இருக்கும் வளர்ச்சித் தட்டு அசையாது. வளர்ச்சி முடிந்ததும் அது எலும்பாகவே மாறிவிடும். முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்குகளும், இடுப்பின் முன்புறத்தில் இரண்டு எலும்புகளும் சேருமிடமும் சற்றே அசையும். டிஸ்க்குகள் மொத்தம் 23. ஒவ்வொன்றும் தருவது சில பாகை அசைவுதான் என்றாலும், எல்லாம் சேர்ந்து முதுகை வளைய விடுகின்றன. டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பி, பாரத்தின்கீழ் நீரை இழந்து மெலிபவை என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். காலையில் படுக்கையை விட்டு எழுந்தவுடன் சுவரோடு ஒட்டி நின்று தலையின் உயரத்தைக் குறித்துவைத்து, இரவு படுக்கப் போகும் முன் மீண்டும் குறித்தால், ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்றுக் கூடுதலோ குறைந்திருக்கக் காண்பீர்கள்.

உயவுநீர் உள்ள மூட்டுகள்

நாம் பொதுவாக மூட்டு என்று சொல்வது மூன்றாவது வகையை. இதில் எலும்பு முனைகள் ஒன்றையொன்று நேரடியாகத் தொடுவதில்லை. வழவழப்பான குருத்தெலும்பு அவற்றின் மேல் போர்த்தியிருக்கிறது, சுற்றிலும் மூட்டுறை, அதன் உட்படலம் சுரக்கும் உயவுநீர் இடைவெளியில் இருக்கிறது. இந்த நீரின் அளவு பலரும் எண்ணுவதைவிட மிகக் குறைவு. உடலின் பெரிய மூட்டான முழங்காலிலேயே இயல்பு நிலையில் அது 4 மில்லிலிட்டரைத் தாண்டுவது அரிது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. மூட்டு அழுந்தும்போது நீரை வெளியேற்றி, தளரும்போது உள்ளிழுத்துக்கொண்டு, அந்த நீர் வழியாகவே அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே அசைவு என்பது மூட்டைத் தேய்க்கும் வேலை மட்டுமன்று. அதற்கு உணவூட்டும் வேலையும்கூட. நரம்பு இல்லாமையால், குருத்தெலும்பு தேயத் தொடங்கும் காலத்தில் வலி தெரிவதும் இல்லை.

விரல்களைச் சொடுக்கும்போது எழும் ஓசையும் இந்த நீரோடு தொடர்புடையது. மூட்டை இழுக்கையில் உள்ளழுத்தம் குறைந்து, நீரில் கரைந்திருந்த வாயு குமிழியாக வெளிப்படுகிறது; அது மீண்டும் கரைய ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஆவதால் அதே விரலை உடனே மறுபடி சொடுக்க முடிவதில்லை. சொடுக்கினால் மூட்டுவாதம் வருமா என்று அறிய, டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கையின் விரல்களை மட்டும் சொடுக்கிவந்தார். இரண்டு கைகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதற்காக 2009-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒரே ஒருவரின் கைகளை வைத்து முடிவுகட்டுவது முறையான அறிவியல் ஆகாது என்றாலும், பொறுமைக்காகவாவது அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

கையும் மணிக்கட்டும்

உயவுநீர் மூட்டுகளின் ஆறு வகைகளில் (கீல், முளை, முட்டை வடிவம், சேணம், வழுக்கு, பந்துக்கிண்ணம்) பெரும்பாலானவை ஒரு கைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், மேசைமேல் கையை வைத்துக்கொண்டு வெகுதூரம் கற்றுவிடலாம். விரல்களின் நடுவிலும் நுனிக்கருகிலும் உள்ளவை ஒரே அச்சில் மடங்கி நீளும் கீல் மூட்டுகள். நடுவிரலின் நடு மூட்டைப் பக்கவாட்டில் அசைக்க முயன்றால் அது மறுத்துவிடும். விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள் வேறு வகை. அவை முட்டை வடிவ மூட்டுகள். இரண்டு அச்சுகளில் அசைபவை. விரல்களை நீட்டி அகல விரியுங்கள், தாராளமாக விரியும். இப்போது முட்டிகளைச் செங்கோணமாக மடக்கி, அந்த நிலையிலேயே விரல்களை விரிக்கப் பாருங்கள். ஏறக்குறைய முடியாது. உள்ளங்கை எலும்பின் தலை, மடக்கிய நிலையில் பக்கவாட்டுத் தசைநார்களை இழுத்து இறுக்கிவிடுவதே காரணம். எலும்பின் வடிவம் அனுமதிக்கும் அசைவைத் தசைநார் மறுக்கும் இந்தச் சோதனை, வகைப் பெயர் மட்டும் போதாது என்பதற்கு என் கணக்கில் ஆகச் சிறந்த சான்று. கை முறிவுக்குக் கட்டுப்போடும் மருத்துவர்கள் இந்த முட்டிகளைப் பெரும்பாலும் மடக்கிய நிலையில் வைப்பதும் இதனால்தான். தளர்ந்த நிலையில் வாரக்கணக்கில் விட்டால் தசைநார்கள் சுருங்கி, பிறகு விரல் மடங்க மறுக்கும்.

கட்டைவிரலில் முட்டியைவிட அதன் அடியே முக்கியம். கட்டைவிரலின் பின்புற எலும்பைத் தடவிக்கொண்டே மணிக்கட்டு நோக்கி வந்தால், எலும்பு முடியும் இடத்தில் சிறிய பள்ளம் ஒன்று தட்டுப்படும். டிரபீசியம் என்னும் மணிக்கட்டு எலும்பும் கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பும் சேரும் சேண மூட்டு அது. இரண்டு பரப்புகளும் ஒரு திசையில் குழிந்தும் அதற்குக் குறுக்கான திசையில் குவிந்தும் இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று இரு திசைகளில் வழுக்கிச் செல்லும். கட்டைவிரலின் நுனியைச் சுண்டுவிரலின் நுனிக்குக் கொண்டுபோகும்போது நகத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்த நகம் பாதை நெடுகத் திரும்பி வேறு திசையைப் பார்க்கத் தொடங்கும். இரண்டு அச்சு அசைவுகள் ஒருங்கே நடக்கையில் சிறிது சுழற்சியும் தானாகக் கூடிவிடுகிறது. பொருளைப் பிடிப்பதும் எழுதுவதும் இந்தத் திருப்பத்தால்தான். விரல்நுனியில் கொடுக்கும் அழுத்தம் அடியில் பல மடங்காகச் சேர்வதால், வயதாகும்போது கையில் அதிகம் தேயும் மூட்டுகளில் இதுவும் ஒன்று.

மணிக்கட்டு சுழலும் என்று பலர் நம்புகிறார்கள். மறு கையால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். கிட்டத்தட்ட எதுவும் நடக்காது. திருப்பம் முழுவதும் முன்கையின் முளை மூட்டுகளிலிருந்து வருவது. மணிக்கட்டுக்கு உரியவை முன்பின் அசைவும் பக்கவாட்டு அசைவும் மட்டுமே. பக்கவாட்டில் சுண்டுவிரல் பக்கம் ஏறத்தாழ 30 பாகையும் கட்டைவிரல் பக்கம் 20 பாகையும் சாயும். இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தைத் தடவியே அறியலாம்: கட்டைவிரல் பக்கத்தில் ஆர எலும்பின் முனை, சுண்டுவிரல் பக்கத்து அல்னாவின் முனையைவிடக் கீழே இறங்கியிருக்கிறது, அந்த நீட்சிதான் தடுக்கிறது. மணிக்கட்டின் சிறு எலும்புகளுக்கு இடையே உள்ளவை வழுக்கு மூட்டுகள். தட்டையான பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே நகரும் என்பதற்கு மேல் அவற்றைப் பற்றித் தனியாகத் தொட்டறிய அதிகம் இல்லை.

தோளும் இடுப்பும்

தோளும் இடுப்பும் இரண்டுமே பந்துக்கிண்ண மூட்டுகள். மூன்று அச்சுகளிலும் அசைபவை. ஆனால் இரண்டின் குணமும் நேர் எதிர். தோளில் பந்து பெரிது, கிண்ணம் ஆழமற்றது. எந்த நேரத்திலும் பந்தின் மூன்றில் ஒரு பங்குகூடக் கிண்ணத்தில் பதிந்திருப்பதில்லை. சுற்றியுள்ள தசைகள்தாம் அதை இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. உடலின் பெரிய மூட்டுகளில் அதிகம் நழுவுவது இதுவே. அதிலும் மிகப் பெரும்பாலும் முன்பக்கமாக. கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையைத் திருப்பிவைத்து, அப்படியே பக்கவாட்டில் மெல்ல உயர்த்துங்கள். தோள் மட்டத்தைச் சற்றுத் தாண்டியதும் தடை வரும். அங்கேயே உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிவிட்டு உயர்த்தினால், கை காதோரம் வரை சென்றுவிடும். மேற்கை எலும்பின் வெளிமேடு தோள் முனையின் கூரையில் போய் இடிப்பதே முதல் தடைக்குக் காரணம். எலும்பை வெளிப்புறம் சுழற்றியதும் அந்த மேடு பின்னால் விலகி வழிவிடுகிறது.

தொங்கும் கை காதோரம் வரை உயரும் இந்த 180 பாகை முழுவதும் பந்துக்கிண்ணத்துக்கு உரியதன்று. உதவிக்கு இருப்பவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவருடைய தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் உங்கள் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தச் சொல்லுங்கள். தொடக்கத்தில் முனை அதிகம் நகராது. பிறகு அது வெளிப்புறமாகவும் மேலாகவும் சுழன்று விலாவோரம் போய்விடும். மொத்தத்தில் ஏறத்தாழ 120 பாகை தோள் மூட்டிலும் 60 பாகை தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலும் கிடைக்கின்றன. தோள் இறுகிப்போனவர்கள் கையைத் தூக்கும்போது தோள்பட்டையையே சேர்த்துத் தூக்குவதை இந்தக் கணக்கு தெரிந்தவர் உடனே கண்டுகொள்வார்.

இடுப்பில் கிண்ணம் ஆழமானது. முன்புறத்தில் உடலிலேயே வலிமை மிக்க தசைநார் கட்டியிருக்கிறது. எனவே அது எளிதில் நழுவாது. அதற்கு விலையாகப் பின்பக்கம் 15 அல்லது 20 பாகைக்கு மேல் கால் போகாது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொடையை வயிற்றை நோக்கி இழுங்கள். ஏறக்குறைய 120 பாகை வரை வரும். அடுத்து முழங்காலை நேராக வைத்துக்கொண்டே அதே காலை உயர்த்துங்கள். பலருக்கு 80 பாகை அளவிலேயே தொடையின் பின்புறம் இழுத்துப் பிடிக்கும். இடுப்பு மூட்டில் எதுவும் மாறிவிடவில்லை. இடுப்பையும் முழங்காலையும் ஒருங்கே கடந்து செல்லும் பின்தொடைத் தசைகளின் நீளம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். குனிந்து காலைத் தொட முடியாதவர்கள் தங்கள் மூட்டுகளைக் குறைசொல்வதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

முழங்காலும் கணுக்காலும்

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வருவோம். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைச் செங்கோணமாக வையுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே கெண்டைக்கால் எலும்பின் முன்புறத்தில் ஒரு மேடு இருக்கும். அதன் நடுவில் பேனாவால் ஒரு புள்ளியும், சில்லின் நடுவில் ஒரு புள்ளியும் இடுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றிப் பாதத்தை உள்ளும் புறமும் திருப்பினால், கீழ்ப்புள்ளி இடமும் வலமும் போய்வரும். தொடையும் சில்லும் அசையா. அந்தத் திருப்பம் முழங்காலிலேயே நடக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இப்போது பாதத்தை நேராக வைத்துக்கொண்டு, தொடைத் தசையை இறுக்கிக் காலை முழுவதும் நீட்டுங்கள். ஒரே கோட்டில் இருந்த இரண்டு புள்ளிகளில் கீழ்ப்புள்ளி சற்று வெளிப்புறமாக விலகியிருக்கும். நீட்டலின் கடைசிச் சில பாகைகளில் கெண்டைக்கால் எலும்பு தொடை எலும்பின் கீழ் வெளிப்புறம் திரும்பி, தசைநார்களை இறுக்கி, மூட்டைப் பூட்டிவிடுகிறது. பூட்டிய நிலையில் பாதத்தைத் திருப்பினால் இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே நகரும்; அது இடுப்பு மூட்டின் சுழற்சி. நாம் நெடுநேரம் நின்றாலும் தொடைத் தசைகள் களைத்துப்போகாமல் இருப்பதில் இந்தப் பூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆகவே முழங்கால் வெறும் கீல் மூட்டன்று. மடங்கிய நிலையில் சுழலவும் வல்ல கீல் மூட்டு. அதன் இடையே ஜவ்வு என்று பொதுவாகச் சொல்லப்படும் பிறைவடிவக் குருத்தெலும்புகள் இரண்டு இருக்கின்றன. பாதம் தரையில் பதிந்திருக்க, முழங்கால் மடங்கிய நிலையில் உடல் வேகமாகத் திரும்பும்போது அவை நசுங்கிக் கிழிவதற்கு இந்தச் சுழற்சியே வழிசெய்கிறது.

கணுக்காலில் மேலுள்ள மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் கீல். அதற்குக் கீழுள்ள மூட்டு பாதத்தை உள்ளும் புறமும் சாய்ப்பது. முன்பாதத்தை உங்களை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு குதிகாலைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பிறகு பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி மீண்டும் ஆட்டுங்கள். இரண்டாவது நிலையில் தளர்ச்சி கூடுதலாகத் தெரியும். கணுக்கால் குழிக்குள் அமரும் டாலஸ் எலும்பு முன்புறம் அகலமாகவும் பின்புறம் குறுகலாகவும் இருப்பதால், பாதம் மேலே வரும்போது அகலப் பகுதி இறுகிப் பொருந்துகிறது. கீழே போகும்போது குறுகிய பகுதி வந்து இடம் விடுகிறது. படி இறங்கும்போதும் குதித்துத் தரையைத் தொடும்போதும் கணுக்கால் சுளுக்குவது இந்தத் தளர்ந்த நிலையில்தான்.

தலையும் தாடையும்

தலையை மேலும் கீழும் ஆட்டுவது பெருமளவு மண்டையோட்டுக்கும் அட்லஸ் எனப்படும் முதல் கழுத்தெலும்புக்கும் இடையே. இடமும் வலமும் திருப்புவது அட்லஸுக்கும் அதன் கீழுள்ள அச்செலும்புக்கும் இடையே. அச்செலும்பின் முளை, அட்லஸின் வளையத்துக்குள் நிற்பதால் இதுவும் முளை மூட்டு. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது. மீதியைக் கீழுள்ள ஐந்து கழுத்தெலும்புகளும் பகிர்ந்துகொள்கின்றன.

தாடை மூட்டைத் தொட்டறிவது எளிது. காதுத் துளைக்கு முன்னே இருபுறமும் விரல்நுனிகளை வைத்து, வாயை மிக மெதுவாகத் திறங்கள். முதலில் தாடையின் முனை இருந்த இடத்திலேயே சுழலும். மேலும் திறக்கும்போது அது முன்னோக்கி வழுக்கிச் சென்று, விரலுக்கடியில் ஒரு பள்ளத்தை விட்டுச்செல்லும். கீலும் வழுக்கலும் ஒரே மூட்டில் அடுத்தடுத்து நிகழ்வதை இவ்வளவு தெளிவாக உணரக்கூடிய இடம் உடலில் வேறு இல்லை. வளர்ந்தவரின் வாய் பொதுவாக மூன்று விரல்களை அடுக்கி நுழைக்கும் அளவுக்குத் திறக்கும்.

அளந்து எழுதுதல்

கோணமானியின் மையத்தை மூட்டின் அச்சுக்கு நேராகவும், ஒரு கரத்தை அசையாத எலும்பின் நீளத்திலும், பென்சில் போன்ற நேரான பொருளை அசையும் எலும்பின் நீளத்திலும் வைத்து அளவை எழுதுங்கள். நூல்களில் உள்ள எண்களோடு ஒப்பிடுவதைவிட உங்கள் வலப்பக்கத்தை இடப்பக்கத்தோடு ஒப்பிடுவதே நம்பகமானது. வயது, உடல்வாகு, பரம்பரை ஆகியவற்றால் எல்லைகள் ஆளுக்கு ஆள் மாறும். எண்ணுக்குப் பக்கத்தில் எலும்பு, சதை, நார், தசையின் இழுப்பு என்று நிறுத்தியது எதுவோ அதையும் குறித்துவையுங்கள். சுண்டுவிரல் 90 பாகைக்கு மேல் பின்னால் வளைவதும், கட்டைவிரல் முன்கையைத் தொட்டுவிடுவதும், முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டி 10 பாகைக்கு மேல் பின்வளைவதும் ஒருவரிடம் சேர்ந்தே காணப்பட்டால் அவருடைய தசைநார்கள் இயல்பைவிடத் தளர்ந்தவை. அத்தகையோர் இன்னும் வளைய முயல்வதைவிடத் தசைகளை வலுப்படுத்துவதே பொருத்தம்.

தனித்தனி மூட்டுகள் பழகியபின் கூட்டசைவுகளைப் பிரித்துப் பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிச் செங்கோணமாக வைத்து உள்ளங்கையைத் திருப்பினால் 160 அல்லது 170 பாகையோடு நின்றுவிடும். கையை நேராக நீட்டித் திருப்பினால் அதைவிட வெகுவாகக் கூடும். கூடுதல் திருப்பம் தோளிலிருந்து வந்தது. அடுத்து, குதிகால்களைத் தரையில் பதித்தபடி ஆழமாகக் குந்துங்கள். பின்னால் சாய்ந்து விழப் பார்த்தால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள பலகை ஒன்றைக் குதிகால்களுக்கு அடியில் வைத்து மீண்டும் குந்துங்கள். இப்போது எளிதாக இறங்க முடிந்தால் தடை கணுக்காலில் இருந்தது. பலகை வைத்தும் அதே இடத்தில் நின்றால், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கித் தொடையை வயிற்றோடு சேர்க்கும் சோதனையைச் செய்யுங்கள். தொடை தாராளமாக வந்தால் இடுப்பில் குறையில்லை. முழங்காலைத் தனியாக மடக்கிக் கோணத்தை அளந்து பார்க்க வேண்டும்.